மாடி நிறைய ஆர்க்கிட், தண்ணீரில் எங்கே கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பத்துச் சட்டி ஆர்க்கிட் இருக்கும்வரை தண்ணீர் ஊற்றுவது காலைக் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு சட்டியையும் தூக்கிப் பார்க்கலாம், வேரின் நிறம் பார்க்கலாம், தேவைக்கு ஊற்றலாம். முந்நூறு சட்டி ஆனபிறகு அது நடக்காது. ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவோம், எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு விழும். ஒன்றுக்கு அது குறைவு, பக்கத்தில் இருப்பதற்கு அதிகம். பெரிய சேகரிப்பில் நாம் நோய் என்று நினைப்பதில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் கணிப்பு.

இங்கே சொல்வது சென்னை மாதிரி கரையோர ஊரில், மொட்டை மாடியில் நிழல்வலைக்குக் கீழே வளர்ப்பவர்களுக்கு. டென்ட்ரோபியம், மொக்காரா, வேண்டா, ஆன்சிடியம், கொஞ்சம் கேட்லியா, ஆசைக்கு நாலைந்து பேலனாப்சிஸ் என்று கலந்துதான் வைத்திருப்போம். ஏற்காட்டில் வளர்ப்பவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே மூடுபனி பாதி வேலையைப் பார்த்துவிடும்.

மருந்துக் கடைக்குப் போகும் முன்

வாடிய செடிகள் எல்லாவற்றிலும் ஒரு துணிக்கிளிப்பை மாட்டிவிட்டு, நாலு அடி தள்ளி நின்று மொத்தமாகப் பாருங்கள். கிளிப்புகள் எங்கே கூடியிருக்கின்றன?

வரிசையின் கடைசியில் என்றால் தண்ணீர் அழுத்தம் போதவில்லை, அல்லது ஊற்றுகிற ஆளுக்குக் கை சலித்துவிட்டது. காற்று வரும் ஓரத்தில் என்றால் அங்கே சட்டி சீக்கிரம் காய்கிறது. தொங்கவிட்ட வேண்டாவுக்கு நேர் கீழே என்றால், மேலிருந்து வடிகிற தண்ணீர் நாள் முழுக்கச் சொட்டிக் கீழ்ச் செடியின் குருத்தை நனைக்கிறது. ஒரே கடையில் ஒரே சமயம் வாங்கியவை மட்டும் என்றால் மீடியாவில், அதாவது சட்டியில் வேரைச் சுற்றி நிரப்பும் கரி, மட்டைத் துண்டு போன்றவற்றில் கோளாறு. அங்கொன்றும் இங்கொன்றுமாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் இருந்தால்தான் தனிச்செடியின் நோயைத் தேட வேண்டும்.

அறிகுறி: இலை துவண்டிருக்கிறது, தண்டு சுருங்கியிருக்கிறது

எல்லோரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தண்ணீர் போதாவிட்டாலும் தண்டு சுருங்கும், தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் தண்டு சுருங்கும். வேர் இல்லாத செடிக்கு மீடியாவில் தண்ணீர் இருந்தும் பயனில்லை. சுருக்கத்தைப் பார்த்தவுடன் ஹோஸை எடுப்பவர், அழுகிய செடியை இன்னும் வேகமாக அனுப்பிவைக்கிறார்.

எனவே வேரைப் பாருங்கள். ஆர்க்கிட் வேரைச் சுற்றி வெலமன் என்ற பஞ்சு போன்ற உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அது வெள்ளி நிறம், நனைந்ததும் உள்ளே இருக்கும் பச்சை தெரியும். சட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வேர் நன்றாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். செடியைச் சட்டியோடு சாய்த்துத் தட்டி வெளியே எடுங்கள். உள்வேரை இரண்டு விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா, அல்லது உறை வழுக்கிக்கொண்டு கழன்று நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் கையில் நிற்கிறதா? நூல்தான் நிற்கிறது என்றால் அது செத்த வேர்.

வேர் கெட்டியாக, வெள்ளையாக இருந்தால் தாகம்தான். ஆனால் ‘தினமும்தான் ஊற்றுகிறேனே’ என்பீர்கள். காய்ந்துபோன தென்னை மட்டைத் துண்டும் கரியும் முதலில் விழும் தண்ணீரை ஏற்காது, அது பக்கச் சுவரோடு வழிந்து அடியில் ஓடிவிடும். கீழே தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து நாம் திருப்தியாக நகர்ந்துவிடுகிறோம். இதற்கு வழி, ஒரே மூச்சில் நிறைய ஊற்றுவதைவிட இரண்டு நடை ஊற்றுவது. முதல் நடையில் வரிசை முழுக்க லேசாக நனையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, அதே வரிசையில் இரண்டாம் முறை வாருங்கள். இப்போது வேர் பச்சையாகியிருக்கும், மீடியா தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். செலவாகும் தண்ணீர் அதேதான். மிகவும் காய்ந்துபோன சட்டிகளை மட்டும் அரைமணி நேரம் வாளியில் முக்கி எடுக்கலாம். ஒரு வாளித் தண்ணீரில் பத்துச் செடியை முக்காதீர்கள். ஒன்றில் நோய் இருந்தால் பத்துக்கும் பரவிவிடும்.

வேர் அழுகியிருந்தால் செத்ததை எல்லாம் வெட்டிவிட்டு, இருக்கும் வேருக்குப் பொருத்தமான சின்னச் சட்டியில், புதுக் கரியிலும் ஓட்டுச் சில்லிலும் ஆடாமல் கட்டி வையுங்கள். ஒவ்வொரு செடிக்கும் கத்தரியைத் தீயில் காட்டிக்கொள்ளுங்கள். சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூளைத் தண்டின் வெட்டுவாயில் தொட்டு வைக்கலாம், வேரில் தூவ வேண்டாம், அது வேரை உலர்த்திவிடும். பிறகு நிழலான, ஈரக்காற்று உள்ள இடத்தில் வைத்து, மீடியாவை நனைப்பதைக் குறையுங்கள். புது வேர்முனை தெரியும்வரை உரம் கிடையாது.

ஒரு தனிக்குறிப்பு. ஆன்லைனில் வரும் பேலனாப்சிஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக் கப்பில், ஸ்பாக்னம் என்ற பஞ்சு போன்ற பாசியை இறுக்கி அடைத்து வரும். மேற்புறம் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் பிழிந்தால் தண்ணீர் வரும். நம் ஊர் வெக்கையில் அந்த நடுப்பகுதி வேரை அவித்துவிடும். பூ முடிந்ததும் முதல் வேலையாக அந்தப் பாசியை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: ஒரே பெஞ்சில் ஒன்று காய்கிறது, பக்கத்தில் ஒன்று அழுகுகிறது

செடியின் பெயரை வைத்து வரிசைப்படுத்தியிருப்பீர்கள். டென்ட்ரோபியம் எல்லாம் ஒரு பக்கம், கேட்லியா எல்லாம் ஒரு பக்கம். பார்க்க அழகு, தண்ணீருக்குத் தொல்லை. எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பதைச் செடியின் பெயரைவிடச் சட்டியும் மீடியாவும்தான் தீர்மானிக்கின்றன. மண்சட்டியில் ஓட்டுச் சில்லோடு இருக்கும் டென்ட்ரோபியம் சித்திரை வெயிலில் அன்று மாலையே காய்ந்துவிடும். அதே டென்ட்ரோபியம் பிளாஸ்டிக் சட்டியில் மட்டைத் துண்டோடு இருந்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

ஆகவே காயும் வேகத்தை வைத்துப் பிரியுங்கள். கணிக்கத் தெரியாவிட்டால் சமையலறைத் தராசு போதும். காலையில் தண்ணீர் ஊற்றி வடிந்ததும் ஒரு எடை, மறுநாள் அதே நேரம் ஒரு எடை. ஒரே நாளில் அநேகமாக எல்லா ஈரத்தையும் இழப்பவை ஒரு பெஞ்ச், பாதிக்கு மேல் மிச்சம் வைத்திருப்பவை வேறு பெஞ்ச். சட்டியே இல்லாமல் தொங்கும் வேண்டாவும் மொக்காராவும் மூன்றாவது கூட்டம், அவற்றுக்குத் தினமும், கத்தரி வெயிலில் இரண்டு வேளையும் வேண்டும். பெஞ்ச் காலில் கலர் டேப் சுற்றிவிட்டால், வீட்டில் வேறு யார் ஊற்றினாலும் குழப்பம் வராது. சிவப்பு தினமும், மஞ்சள் ஒன்றுவிட்டு ஒருநாள் என்கிற மாதிரி.

இப்படிப் பிரித்தபிறகு இன்னொரு நன்மையும் உண்டு. முந்நூறு சட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். பெஞ்சுக்கு இரண்டு சட்டியைத் தூக்கினால் மற்றவற்றின் நிலை தெரியும்.

அறிகுறி: ஸ்பிரிங்க்ளர் போட்டாகிவிட்டது, ஆனால் மூலைச் சட்டிகள் நனையவில்லை

பெஞ்ச் முழுக்க ஒரே மாதிரியான டம்ளர்களைச் சட்டிகளுக்கு நடுநடுவே வைத்து, பத்து நிமிடம் ஓட விடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து, பெஞ்ச் வரைபடத்தில் எழுதுங்கள். நடுவில் 8 மி.மீ., மூலையில் 2 மி.மீ. என்று வரும்போதுதான் விஷயம் உறைக்கும். மூலைக்குப் போதுமான அளவு ஓடவிட்டால் நடுவில் நான்கு மடங்கு விழும். குறைந்த டம்ளர் அதிக டம்ளரில் பாதியைக்கூட எட்டவில்லை என்றால் நேரத்தைக் கூட்டிப் பயனில்லை, அமைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

பெரும்பாலும் காரணம் அழுத்தம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து அதே மாடிக்கு லைன் எடுப்போம். தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் தொட்டி ஸ்டாண்டின் மேல் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.2 பார். மைக்ரோ ஸ்பிரிங்க்ளருக்குப் பொதுவாக 1.5 முதல் 2 பார் வேண்டும், பனிபோலத் தூவும் ஃபாகருக்கு அதைவிட அதிகம். எத்தனை நாசில் மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. அரை ஹெச்.பி. பிரஷர் பம்ப் ஒன்று போட்டால்தான் தீரும்.

பம்ப் இருந்தும் கடைசி நாசில் அழுகிறது என்றால், ஒரே நேரத்தில் நிறைய நாசில் திறந்திருக்கின்றன. மணிக்கு 50 லிட்டர் விடும் நாசில் 20 இருந்தால் மணிக்கு 1000 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 17 லிட்டர் பம்ப் தர வேண்டும். தர முடியாவிட்டால் வால்வு வைத்து இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுங்கள். நாசில்களுக்கு நடுவே இடைவெளியும் முக்கியம். ஒரு நாசிலின் தண்ணீர் அடுத்த நாசிலின் காலடிவரை எட்ட வேண்டும். இரண்டு வட்டமும் ஓரத்தில் தொட்டுக்கொண்டால் போதும் என்று நினைத்துத்தான் பலர் நாலு நாசிலை மிச்சம் பிடிக்கிறார்கள்.

ஆஃப் செய்தபிறகும் அரைமணி நேரம் சொட்டுகிற நாசிலுக்குக் கீழே பேலனாப்சிஸ் வைக்காதீர்கள். சொட்டாமல் அடைத்துக்கொள்ளும் சின்ன வால்வு ஒவ்வொரு நாசிலுக்கும் தனியாகக் கிடைக்கும், அதை வாங்கிப் போடுங்கள்.

அறிகுறி: சொட்டுநீர் போட்டும் பாதி வேர் காய்ந்தே இருக்கிறது

மண்ணில் ஒரு சொட்டு விழுந்தால் அது பக்கவாட்டிலும் பரவும். கரியிலும் ஓட்டுச் சில்லிலும் நேராக இறங்கி ஓட்டை வழியே போய்விடும். சட்டியில் ஒரு கோடு மட்டும் நனையும். காய்கறிக்கு அருமையான சொட்டுநீர், ஆர்க்கிட்டுக்கு எனக்குப் பிடிக்காததன் காரணம் இதுதான். பெரிய சட்டியில், நைசான மட்டைத் துண்டில் இருக்கும் செடிகளுக்கு வேண்டுமானால் இரண்டு மூன்று இடத்தில் விழும்படி கொடுத்துப் பார்க்கலாம். மற்றவற்றுக்கு மேலிருந்து தூவுவதே சரி.

அறிகுறி: இலை நுனி கருகுகிறது, சட்டி விளிம்பில் வெள்ளை படிகிறது, வேர்முனை கறுக்கிறது

மூன்றும் சேர்ந்து வந்தால் உப்பு. தண்ணீரில் கரைந்த உப்பை பிபிஎம் கணக்கில் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். ஆர்க்கிட்டுக்கு 200 பிபிஎம்முக்குக் கீழே இருப்பது நல்லது. சென்னையில் பல தெருக்களில் போர் தண்ணீர் ஆயிரத்தைத் தொடும், தாண்டவும் செய்யும்.

சிலர் உப்புத் தண்ணீருக்குப் பயந்து வீட்டு வாட்டர் சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தைச் சேர்க்கும் கருவி. வாளியில் வெள்ளை படியாது, நுரை நன்றாக வரும், செடிக்கு முன்பைவிடக் கெடுதல். அதேபோல ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாயில் வருவதை வீணாக்க மனமில்லாமல் ஆர்க்கிட்டுக்கு விடாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மாப் போட வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல தண்ணீர் மழைத் தண்ணீர். 2003ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், மாடியிலிருந்து இறங்கும் குழாய் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கும். அதில் ஒரு கிளை எடுத்துக் கறுப்பு டிரம்முக்கு விடுவது மட்டும்தான் வேலை. ஆயிரம் சதுர அடிப் பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. சிந்தியது சிதறியது போக 700 லிட்டர் கிடைக்கும். மாடித் தூசியைக் கழுவி வரும் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். வெளிச்சம் புகும் வெள்ளை டிரம் வேண்டாம், பாசி பிடித்து அது நாசிலை அடைக்கும். கொசு நுழையாமல் வாயில் வலை கட்டுங்கள்.

வருடம் முழுக்க மழைத் தண்ணீரே ஊற்ற முடியாதுதான். கலந்து ஊற்றலாம். போர் 900 பிபிஎம், மழைத் தண்ணீர் 20 என்றால், ஒரு பங்கு போருக்கு நாலு பங்கு மழைத் தண்ணீர் சேர்த்தால் 200க்குக் கொஞ்சம் கீழே வரும். கையில் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதை வேண்டாவுக்கும் நாற்றுகளுக்கும் ஒதுக்குங்கள், மண்சட்டி டென்ட்ரோபியம் சற்றுப் பொறுத்துக்கொள்ளும்.

ஏற்கெனவே உப்பு ஏறிய சட்டிக்கு, நல்ல தண்ணீரைச் சட்டிக் கொள்ளளவைப்போல மூன்று நாலு மடங்கு மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். தென்னை மட்டைத் துண்டைப் புதிதாக வாங்கினால் இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிய பிறகே சட்டியில் போடுங்கள், அதிலேயே உப்பு இருக்கும். உரம் விஷயத்தில், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 ஆனால் லிட்டருக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம், வாரம் ஒருமுறை, ஏற்கெனவே நனைந்த வேரில். மாதத்தின் கடைசி வாரம் வெறும் தண்ணீர். கால்சியம் நைட்ரேட்டை இதோடு ஒரே கரைசலாகக் கலந்து வைத்தால் பாஸ்பேட் திரிந்து அடியில் தங்கிவிடும், தனி நாளில் கொடுங்கள்.

அறிகுறி: குருத்து கறுத்து, இழுத்தால் கையோடு வருகிறது

ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பாலும் இதுதான். சென்னை மழையில் பாதிக்கு மேல் அந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டும். நிழல்வலை மழையைத் தடுக்காது, மழையைச் சின்னத் துளிகளாக்கித் தரும், அவ்வளவுதான். பேலனாப்சிஸின் குருத்துக் குழியில் தண்ணீர் தேங்கி ஓர் இரவு நின்றால் போதும். பேலனாப்சிஸையும் இளங்குருத்து விடும் கேட்லியாவையும் ஒளிபுகும் ஷீட்டுக்குக் கீழே மாற்றுங்கள், அல்லது சட்டியைச் சற்றுச் சாய்த்து வையுங்கள், காட்டில் அது மரத்தில் சாய்ந்துதான் வளர்கிறது.

நாற்றமடித்து, கொழகொழவென்று தண்ணீர் கட்டியிருந்தால் பாக்டீரியா. நாற்றமில்லாமல் ஊதா கலந்த கறுப்பாக அடியிலிருந்து மேலே ஏறினால் பித்தியம், பைட்டோப்தோரா வகைக் கறுப்பழுகல். இரண்டுக்கும் முதல் சிகிச்சை ஒன்றே: நல்ல சதை தெரியும்வரை வெட்டுவது, செடியைத் தனியே தூக்கி வைப்பது, அந்த வரிசைக்கு மேலிருந்து தண்ணீர் தூவுவதை நிறுத்துவது. இரண்டுமே தெறிக்கும் துளியில்தான் பக்கத்துச் செடிக்குப் போகின்றன. எல்லோர் வீட்டிலும் கார்பெண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி பாக்கெட் இருக்கும். கறுப்பழுகலுக்கு அது வேலை செய்யாது. மெட்டலாக்சில், மேங்கோசெப் கலந்த மருந்து வேண்டும்.

மழை விட்டதும் ஃபேன் போடுங்கள். மற்றக் காலங்களில் காலை ஒன்பதுக்குள் ஊற்றி முடித்து, பொழுது சாய்வதற்குள் இலைக்கக்கம் காய்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கத்தரி வெயிலில் மாலையில் நனைப்பது வேண்டாவின் வேருக்கு மட்டும்.

அறிகுறி: புது இலை விசிறி மடிப்பாக வருகிறது

ஆன்சிடியம் வகைகளில் பார்க்கலாம். இலை வளர்ந்துகொண்டிருந்தபோது தண்ணீர் போதவில்லை அல்லது காற்று மிகவும் வறண்டிருந்தது. விழுந்த மடிப்பு இனி நிமிராது. அடுத்த குருத்து நேராக வருகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: மொட்டு மஞ்சளாகி உதிர்கிறது

மொட்டு நேரத்தில் ஒருநாள் காயவிட்டாலே உதிரப் போதும். இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றாது: வெயிலில் கிடந்த ஹோஸ். பகலில் திறந்தால் முதலில் வருவது கை பொறுக்காத வெந்நீர். அதைத் தரையில் விட்டுவிட்டு, குளிர்ந்த தண்ணீர் வந்ததும் செடிக்குப் போங்கள். மாடித் தொட்டித் தண்ணீரே மே மாதம் மதியத்தில் சுடும், காலையில் ஊற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அறிகுறி: நாசில் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது

அடைத்ததைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் சுண்ணாம்பு. எலுமிச்சை உப்புக் கரைசலில் ஓர் இரவு போட்டால் கரையும். பச்சையாக வழுவழுப்பாக இருந்தால் தொட்டிக்குள் வெளிச்சம் போகிறது. மணலாக இருந்தால் 120 மெஷ் வடிகட்டி பம்ப்புக்கு அடுத்து இருக்கிறதா, அதைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று பாருங்கள். ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகி அந்த நாசில் மட்டும் ஒழுகத் தொடங்கும். லைனின் கடைசி மூடியை மாதம் ஒருமுறை திறந்து ஓடவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

அறிகுறி: செடிகளுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் நேரம் போதவில்லை

20 லிட்டர் வாளி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடம் என்றால் சட்டிக்கு அரை லிட்டர் வீதம் முந்நூறு சட்டிக்கு வேண்டிய 150 லிட்டரும் ஏழரை நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் மிச்ச நேரம் ஹோஸை இழுப்பதிலும், சிக்கை எடுப்பதிலும், பின்வரிசைக்குக் கை எட்டாமல் வளைவதிலும் போகிறது. பெஞ்ச் அகலம் இரண்டு கைக்கு மேல் இருக்க வேண்டாம். மாடியின் இரண்டு கோடியிலும் ஒரு குழாய் வையுங்கள். நீளமான கைப்பிடியும், பூவாளி மாதிரித் தலையும், விரலால் மூடும் வால்வும் உள்ள ஹோஸ் முனை ஒன்றுக்குச் செலவழிப்பது, டைமர் வாங்குவதைவிட முதலில் செய்ய வேண்டியது.

டைமர் ஊருக்குப் போகும் வாரத்துக்குத்தான் உண்மையில் தேவை. கிளம்புவதற்கு முந்தின நாள் மாட்டாதீர்கள், ஒரு வாரம் முன்பே மாட்டி நீங்கள் இருக்கும்போதே ஓடவிடுங்கள். கரண்ட் போய் வந்தால் நேரத்தை மறக்காமல் இருக்க உள்ளே பேட்டரி உள்ளதாகப் பாருங்கள். தொட்டி காலியானால் பம்ப் வெறுமனே ஓடி எரிந்துவிடும், அதை நிறுத்த ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் போடுங்கள்.